எம்.சி.ஆர். செருப்பு: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே ஏமாறுகிறோம்

சர்க்கரை நோய் மருத்துவமனைகள் பலவற்றில் மருந்துக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு செருப்பு அலமாரி இருக்கும். கறுப்பு அல்லது காப்பி நிறம், தடித்த அடி, பின்னால் ஒரு வார். லட்சணம் என்று சொல்ல எதுவும் இல்லை. காலை நுழைத்துப் பார்ப்பவர் ‘மெத்தென்று இருக்கிறது’ என்று சொல்லி வாங்கிப் போவார். மெத்தென்று இருப்பதை உணரவே முடியாத கால்களுக்காகச் செய்த செருப்பு அது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. அது தெரியாததால்தான் தப்பான அளவிலும், தப்பான வாரோடும், சில சமயம் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்ற பெயர் மட்டும் உள்ள வெறும் ஸ்பாஞ்சாகவும் வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த எவருக்கும், அது சர்க்கரையாலோ தொழுநோயாலோ எதனால் வந்திருந்தாலும், இந்த விலையில் இதைவிட நல்ல காலணி கிடையாது. உணர்ச்சி நன்றாக இருந்து குதிகால் மட்டும் வலிக்கிறவர்களுக்கு இது கட்டாயமில்லை. வேறு நல்ல காலணிகளும் போதும். பாதத்தில் ஏற்கெனவே திறந்த புண் இருக்கிறவர்கள் இதை நம்பி நடக்கவே கூடாது. ஏன் என்பது கீழே வருகிறது.

கிறித்தவம் இந்தச் சமூகத்துக்கு என்ன செய்தது என்று பேச்சு வந்தால் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் இந்தச் செருப்பை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் இதன் ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியின் தொழுநோயாளிகளிடம்தான் போய் நிற்போம்.

1946-இல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போனவர் ராபர்ட் காக்ரேன், அவரும் மிஷன் மருத்துவர். அங்கே மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார் பிராண்ட். செத்த கை என்று நினைத்தது இரும்புப் பிடியாகப் பிடித்தது. தசை எல்லாம் சாகவில்லை, சில நரம்புகள்தான் செத்திருக்கின்றன என்பது அந்தப் பிடியில் தெரிந்தது. அப்படியானால் நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றிக் கட்டி விரலை நிமிர்த்தலாம். 1948 முதல் வேலூரில் அந்த அறுவைகள் நடந்தன.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அறுவை அரங்குக்கு வெளியே நடந்தது. விரல்கள் ‘அழுகி விழுகின்றன’ என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்டும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணத்தைத் தேடிப் போனார்கள். சூடான பாத்திரம், மரத்துப்போன கையில் அழுந்திய பூட்டுச் சாவி, இரவில் விரலைக் கடித்த எலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் கிடைத்தது. எலிக்குப் பரிகாரமாக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பியது பிரபலமான செய்தி. சதை தானாக அழுகவில்லை. வலி இல்லாததால் காயத்தின்மேல் காயம் பட்டது. வலி என்ற காவல்காரன் இல்லாத வீடு அது.

கைக்கு அறுவையும் கவனமும் பெருமளவு போதுமாயிருந்தன. காலுக்கு அப்படி இல்லை. புண்ணை ஆற்றி அனுப்பினால், வெறுங்காலில் ஊருக்குப் போனவர் அதே இடத்தில் அதே புண்ணோடு திரும்பி வந்தார். நடைதான் புண்ணுக்குக் காரணம் என்றால் மருந்து காலணியாகத்தான் இருக்க வேண்டும். மரக்கட்டை, மெழுகு, பிளாஸ்டிக் என்று பலதையும் முயன்ற பிறகே மைக்ரோ செல்லுலார் ரப்பரில் வந்து நின்றார்கள். காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் ஆய்வு மையத்தில் செருப்புப் பட்டறை மருத்துவமனையின் ஒரு பிரிவாகவே இயங்கியது. பிராண்டுக்குப் பிறகு எர்னஸ்ட் ஃபிரிட்சி போன்ற எலும்பு அறுவை மருத்துவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். செருப்புத் தைப்பவரைத் தெருமுனையில் உட்காரவைத்திருந்த ஊரில், அவரை மருத்துவருக்கும் இயன்முறைச் சிகிச்சையாளருக்கும் சமமாகச் சிகிச்சைக் குழுவில் சேர்த்த இடம் அது. அறுவையைவிடவும் இதுதான் பெரிய காரியம் என்று தோன்றுகிறது.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளியின் காலுக்கும் இதே விதிதான் என்பது அங்கே உறுதிப்பட்டது: நரம்பு மரத்துப்போனால் புண், அழுத்தத்தைக் குறைத்தால் ஆறும். வேலூரில் தொழுநோய்க்காகத் தொடங்கிய வேலை உலகம் முழுவதும் சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்பில் கலந்தது இப்படித்தான்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. மிஷன்கள் நடத்திய தொழுநோய் இல்லங்களில் ஆண்களையும் பெண்களையும் பிரித்துவைத்த காலம் உண்டு. ஊரைவிட்டு ஒதுக்கியதையே கருணை என்று நினைத்த காலம் உண்டு. நோயாளிகளை ஒதுக்கிவைக்க 1898-இல் ஆங்கில அரசு போட்ட சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. ஆனாலும் வேறு யாரும் தொடாத காலைக் கையில் எடுத்து, எந்த இடத்தில் அழுந்துகிறது என்று பார்த்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரிகள்தான். சீடர்களின் கால்களை இயேசு கழுவியதை யோவான் 13-இல் படித்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருந்திருக்கலாம்.

இனி செருப்புக்கு வருவோம்.

உள்ளே என்ன இருக்கிறது

ரப்பர் கலவையில் வாயு உண்டாக்கும் ரசாயனம் ஒன்றைச் சேர்த்து, சூடான அச்சில் அழுத்தினால் உள்ளே எண்ணற்ற நுண்ணிய காற்றறைகள் உண்டாகும். ஒவ்வோர் அறையும் தனித்தனியாக மூடியிருக்கும். அதனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் எழும். மெத்தைக் கடை ஸ்பாஞ்சில் அறைகள் ஒன்றுக்கொன்று திறந்திருப்பதால் காற்று வெளியேறி, ஏறி நின்றதும் தரைமட்டமாகிவிடும். இரண்டையும் கடையில் விரலால் தொட்டால் ஒரே மாதிரித்தான் தெரியும். ஏமாற்றத்தின் தொடக்கம் அங்கேதான்.

நல்ல எம்.சி.ஆர். செருப்பில் இரண்டு தட்டுகள் இருக்க வேண்டும். கால் படும் மேல்தட்டு 10 முதல் 12 மி.மீ. தடிமன், கடினத்தன்மை ஷோர் ‘ஏ’ அளவில் சுமார் 15. இந்த அளவுகோல் 0-இல் தொடங்கி 100 வரை போகும். எண் கூடக்கூடக் கடினம். ஹவாய் செருப்பின் ரப்பர் இதைவிடத் தெளிவாகக் கடினம். 15-ஐவிட மிகவும் குறைந்தால் சீக்கிரமே படிந்துவிடும். மிகவும் கூடினால் வெறும் செருப்பு, அவ்வளவுதான்.

தரையில் படும் கீழ்த்தட்டு கெட்டியான ரப்பராக இருக்க வேண்டும். மேல்தட்டின் மென்மையைப் பேசுகிறவர்கள் கீழ்த்தட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. நம் ஊர் வேலியோரங்களில் கிடக்கும் சீமைக் கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்து ஏறும். உணர்ச்சியுள்ளவர் ‘ஆ’ என்று காலை எடுப்பார், மரத்த காலோ அந்த முள்ளோடு மூன்று நாள் நடக்கும். அடியையும் மேலையும் முழுக்க மென்ரப்பரிலேயே செய்து ‘இரட்டை மென்மை’ என்று விற்கும் செருப்புகளை, குறிப்பாகக் கிராமத்தில் நடப்பவர்கள், வாங்க வேண்டாம். கீழ்த்தட்டை இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். துணி போல் மடிந்தால் வேண்டாம். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைந்தால் சரி.

அழுத்தத்தைக் குறைப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு கணக்கு. 60 கிலோ எடை 60 சதுர செ.மீ. பரப்பில் விழுந்தால் சதுர செ.மீ.க்கு 1 கிலோ. குதிகால் தூக்கி முன்பாதத்தில் உந்தும் கணத்தில் அதே எடை 15 சதுர செ.மீ.யில் விழுந்தால் 4 கிலோ. ஒருநாளில் 5,000 அடி நடந்தால் ஒவ்வொரு காலும் இதை 2,500 தடவை வாங்குகிறது. ஒரு தடவை தாங்கும் தோல் 2,500 தடவை தாங்காது. உள்ளே கன்றி, வீங்கி, காய்ப்பு ஏறி, காய்ப்புக்கு அடியில் புண் வைக்கும். மேல்தட்டு அமுங்கி, உள்ளங்காலின் பள்ளமான இடங்களையும் தொட்டு, பரப்பைக் கூட்டுகிறது. செருப்பு செய்யும் வேலை மொத்தமும் இவ்வளவே.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

விரல் சோதனை முதலில். மேல்தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்துங்கள். ஏறக்குறையப் பாதித் தடிமனுக்கு அமுங்க வேண்டும், விட்டதும் உடனே எழ வேண்டும். முழுக்கச் சப்பினால் ஸ்பாஞ்ச். கால்வாசிகூட அமுங்கவில்லை என்றால் கெட்டி ரப்பர். மெதுவாக எழுந்தால், அல்லது விரல் தடம் நின்றால், பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற மலிவான பிளாஸ்டிக் நுரை. ஈ.வி.ஏ. கையில் எடுத்தால் தக்கை போல் லேசாக இருக்கும்; வாங்கும்போது அற்புதமாக இருந்து, சில வாரத்தில் கால் அச்சு போலப் படிந்து நின்றுவிடும்.

அடுத்து ஆணி. செருப்பைத் திருப்பி, வார் அடிக்குள் போகும் இடங்களை எல்லாம் பாருங்கள். பசையும் தையலும் மட்டுமே இருக்க வேண்டும். சின்ன ஆணியோ ஸ்டேப்பிள் கம்பியோ இருந்தால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். மென்ரப்பர் தேயத்தேய அந்த ஆணி மேலே வரும். வருவது காலுக்குத் தெரியாது. பிற்பாடு பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை: தெருமுனையில் அறுந்த வாருக்கு முதலில் அடிப்பது ஆணிதான். ‘ஆணி வேண்டாம், தைத்துக் கொடுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

வார்கள் மூன்றாவது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நுழையும் கட்டை வைத்த மாடலைத் தவிர்க்கவும். உணர்ச்சி இல்லாத காலில் அந்தக் கட்டை உரசுவது தெரியாது. செருப்பு நழுவாமலிருக்க விரல்கள் தம்மை அறியாமல் இறுக்கிப் பிடிப்பதால் விரல் நுனிகளிலும் அழுத்தம் ஏறும். பாதத்தின் மேல் குறுக்காக இரண்டு அகல வார், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் என்பதே சரியான அமைப்பு. பின் வார் இல்லாவிட்டால் மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்து, பத்தடி வெறுங்காலில் நடந்த பிறகுதான் தெரியும். வாரின் உட்புறம் மெல்லிய நுரையோ மென்தோலோ ஒட்டியிருந்தால் நல்லது. வெட்டு முனை கூராக வெளியே தெரிந்தால் கூடாது.

மாட்டுவதற்கு பக்கிளா, வெல்க்ரோவா? விரல் மடங்கிய கைக்கும் முதியவர் கைக்கும் வெல்க்ரோதான். வார் நுனியில் விரல் நுழையும் அளவு ஒரு வளையம் இருந்தால் மடங்கிய விரலாலும் இழுக்கலாம். வெல்க்ரோவில் தலைமுடியும் நூலும் சேர்ந்து ஒட்டாமல் போகும். பழைய பல்துலக்கும் பிரஷால் வாரம் ஒருமுறை தேய்த்தால் மீண்டும் பிடிக்கும்.

அளவு: இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்

மரத்த காலுக்குச் செருப்புப் போட்டுப் பார்த்து ‘சரியா இருக்கா?’ என்று கேட்பது வீண். எந்த அளவும் அவருக்குச் சரியாகத்தான் இருக்கும். கொஞ்சம் சிறியதை இறுக்கமாகப் போட்டால்தான் ‘பிடிப்பாக’ இருப்பதாக நினைத்து, பலர் ஒரு நம்பர் குறைத்தே வாங்குகிறார்கள். அதனால் கண்ணாலும் அளவுகோலாலும் பார்க்க வேண்டும்.

மாலையில் வாங்குங்கள், காலையைவிட அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். கெட்டி அட்டையில் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரையுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு ஏற்ற நம்பரை எடுக்கவும். நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 2 செ.மீ. செருப்பு மிச்சம் இருக்க வேண்டும். அகலம் பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரை முழுசாகத் தட்டின்மேல் உட்கார வேண்டும். சுண்டுவிரல் ஓரத்தில் தொங்கினால் அந்த ஓர விளிம்பே பிளேடு. வாரைப் போட்டபின் அதற்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்.

கால் மரத்திருக்கிறதா என்பதே தெரியாதவர்கள் முதலில் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால், கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் நுனியிலும் முன்பாதத்தின் அடிமூட்டுகளிலும் தொடுவார்கள். ஐந்து நிமிட வேலை. காய்ப்பு ஏறிய இடத்தில் தொட்டால் முடிவு தப்பாக வரும் என்பதால் அந்த இடத்தைத் தவிர்ப்பார்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க மை தடவிய ரப்பர் விரிப்பில் நடக்கவைத்துத் தடம் எடுப்பதும் உண்டு. கறுப்பு எங்கே கூடுதலோ அங்கே ஆபத்து.

முதல் வாரம்

புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. முதல் நாள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பாதத்தின் மேலும் கீழும் பாருங்கள். உள்ளங்காலைப் பார்க்கத் தரையில் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். சிவந்த தடம் இருந்து இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. அதற்கு மேலும் நின்றால் அந்த இடத்து வாரைத் தளர்த்தவோ மாற்றவோ வேண்டும். கறுத்த சருமத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அப்போது புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிபட்ட திசு முதலில் சூடாகும் என்பதை வலி இல்லாத காலுக்கு அலாரமாக வைத்துக்கொள்ளலாம். வெப்பமானி வைத்திருப்பவர்கள் வலது காலையும் இடது காலையும் அதே இடத்தில் ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். தினம் ஒரு மணி நேரம் கூட்டி, படிப்படியாக முழுநாளுக்கு வரலாம்.

வீட்டுக்குள்ளும் கோயிலிலும்

செருப்பு நன்றாக இருந்தும் புண் வருவதற்கு இங்கே முக்கியக் காரணம், அதை வாசலில் கழற்றிவிடுவது. நாளில் பாதிக்கு மேல் நடப்பது வீட்டுக்குள். அங்கே வெறுங்கால். கிரானைட் தரையில் உதிர்ந்து கிடக்கும் குண்டூசி, அடுப்படியில் தெறித்த எண்ணெய், கட்டில் கால் எல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. வீட்டுக்கென்று இன்னொரு ஜோடி வாங்கி வைப்பதே சரி. பூஜை அறை, சமையலறைச் சங்கடங்களுக்கு ‘இது வெளியே போகாத செருப்பு’ என்ற விளக்கம் பெரும்பாலான வீடுகளில் எடுபடும்.

கோயில் பிரகாரமும், மாதா கோயிலுக்குப் போகும் பாதயாத்திரையும் வேறு கதை. சித்திரை வெயிலில் கருங்கல் தளத்தில் ஒரு சுற்று வந்தால் மரத்த காலில் கொப்புளம் நிச்சயம், அதை அன்றிரவுதான் பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்கோ பொழுது சாய்ந்தோ போவது, தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்வது இரண்டும் நடைமுறையில் முடிந்தவை. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் பங்குத்தந்தையிடம் பேசி நேர்ச்சையை மாற்றிக்கொள்ளலாம். காலை இழந்து நேர்ச்சை செலுத்தச் சொல்லும் குருவானவர் இருக்க மாட்டார்.

எவ்வளவு நாள் வரும், எப்படிக் கெடும்

தினமும் நடப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். வெளியிலிருந்து பார்த்தால் செருப்பு புதிது போலவே இருக்கும். உள்ளே காற்றறைகள் உடைந்து மேல்தட்டு செத்திருக்கும். முன்பாதம் படும் இடத்தில் விரலால் அழுத்தி, அதையே ஓரத்தில் அழுத்தியதோடு ஒப்பிடுங்கள். முன்பாத இடத்தின் தடிமன் ஓரத்துத் தடிமனில் பாதியாகிவிட்டால், அல்லது அழுத்தினால் கீழ்த்தட்டு கையில் ‘டொக்’ என்று முட்டினால், மாற்ற வேண்டிய நேரம். எடை கூடியவர்களுக்கு இது முன்னதாகவே வரும்.

சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ஊறப்போடக் கூடாது, பசை விட்டுப்போகும். வெயிலில் காயவைத்தால் ரப்பர் இறுகி விறைக்கும். நிழலில், நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். காரின் பின் கண்ணாடிக்குக் கீழே விட்டுவைத்த செருப்பு ஒரு கோடையில் கெட்டுவிடும். மழைக்காலத்தில் இரண்டு தட்டும் பிரிந்து வாய் பிளப்பது வழக்கமான குறை. உடனே நல்ல செருப்புப் பசையால் ஒட்டி, ஒரு ராத்திரி கனத்தின் கீழ் வைத்தால் போதும். பிளந்தபடியே நடந்தால் அந்த வாயில் நுழையும் கல் காலுக்குக் கீழே போய்ச் சேரும். ஒவ்வொரு தடவையும் போடுமுன் கவிழ்த்துத் தட்டுவதைப் பழக்கமாக்க வேண்டும்.

இது செய்யாத வேலைகள்

திறந்த புண்ணை எம்.சி.ஆர். செருப்பு ஆற்றாது. அதற்கு அந்தப் புண்ணில் எடை விழாமல் பார்க்க வேண்டும். காலோடு ஒட்டிப் போடும் முழுத்தொடர்பு மாவுக்கட்டு அதற்காகவே வந்தது. புண்ணுள்ள இடத்தில் செருப்பில் ஓட்டை வெட்டினால் அந்த இடம் தப்பும் என்ற யோசனை காலம் காலமாக உண்டு. ஓட்டையின் விளிம்பு அழுத்தி, நடுவே சதை வீங்கிப் புண் பெரிதாவதே வழக்கம். பாதம் தொங்கிப்போனவருக்கு முன்பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வார் வேண்டும். பாதத்தின் வளைவே உடைந்து படகுபோல் புடைத்தவருக்கும், விரல் இழந்தவருக்கும் தட்டையான எம்.சி.ஆர். பயன்படாது, அச்செடுத்து வார்த்த உள்தட்டு தேவை. ரத்த ஓட்டம் குறைந்து கால் குளிர்ந்து கறுத்தவர் முதலில் பார்க்க வேண்டியது செருப்புக் கடையை இல்லை.

கடையில் ஆயத்த ஜோடி சில நூறு ரூபாயில் தொடங்கும். அளவெடுத்து அச்சு வைத்துச் செய்தால் ஆயிரங்களைத் தொடும். தட்டையான பாதமோ உருக்குலைவோ இல்லை என்றால் ஆயத்த ஜோடியே போதும். கூடுதல் விலை பெரும்பாலும் மேல்தோலுக்குத்தான். தொழுநோயால் கால் மரத்தவர்களுக்குத் தேசியத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு ஜோடி இலவசம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டால் மாவட்டத் தொழுநோய்ப் பிரிவுக்கு எழுதுவார்கள். அளவை எழுதி வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். வந்து சேர்வது காலுக்குப் பொருந்தாத அளவாக இருந்து மூலையில் கிடக்கும் ஜோடிகள் நிறைய.

இலவசச் செருப்பைப் பலர் போடாததற்கு இன்னொரு காரணம் அதன் தோற்றம். ஒரே மாடல், ஒரே நிறம் என்பதால் தெருவில் பார்த்தவுடன் ‘அந்த வியாதிக்காரர் செருப்பு’ என்று தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் லட்சக்கணக்கில் அதையே போடத் தொடங்கிய பிறகு இந்த முத்திரை பெரிதும் கழன்றுவிட்டது. இப்போது காப்பி நிறத்திலும் பெண்களுக்குப் பூவேலை வாரோடும் வருகின்றன. மேலே எத்தனை பூ இருந்தாலும் பரவாயில்லை, பூவைப் பிடித்திருக்கும் கம்பி முனை உள்பக்கம் வரவில்லை என்பதை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

புது ஜோடி வந்ததும் பழையதைக் குளியலறைக்கு ஒதுக்கும் வழக்கத்தை விடுங்கள். ஈரத்தரையில், செத்த ரப்பரில், வார் தளர்ந்து நடப்பது அங்கேதான். பழையதன் வாரைக் கத்தரியால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்; வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.